யார் எழுதிய எண் அது?

இடுப்பெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட முதியவரை அமெரிக்க மருத்துவமனைகள் பெரும்பாலும் சில நாட்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை. வீட்டுக்கும் போக முடியாது. கட்டிலைவிட்டு எழுந்து நிற்கவே இரண்டு பேர் தாங்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் மருத்துவமனை அலுவலர் ஒருவர் வந்து, அக்கம்பக்கத்தில் உள்ள பராமரிப்பு இல்லங்களின் பட்டியலைக் கையில் கொடுத்து, சீக்கிரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள் என்பார். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்பது சிறிய தனியார் மருத்துவமனை. அங்கே அந்தப் பெயரில் நடப்பவை வேறு. நடக்கவும் உடுத்தவும் மறுபடி பழகுவதற்காகச் சில வாரம் தங்குகிறவர்களும், டிமென்ஷியாவோ பக்கவாதமோ வந்து கடைசிக் காலம் வரை அங்கேயே இருக்கிறவர்களும் ஒரே கூரையின் கீழ் வாழும் இடங்கள் அவை. நாடு முழுக்கச் சுமார் 15,000 இல்லங்கள். 12 லட்சத்துக்கும் மேற்பட்ட முதியவர்கள். நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் குடியேறி முதுமையை நெருங்கும் தமிழர்களும், அவர்களிடம் போய்ச் சேர்ந்த பெற்றோரும் இந்தப் பட்டியலைக் கையில் வாங்கத் தொடங்கிவிட்டார்கள்.

பட்டியல் கைக்கு வந்ததும் குடும்பம் செய்வது ஒன்றுதான்: செல்போனை எடுத்து, எந்த இல்லத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்ப்பது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேரை நிர்வகிக்கும் மத்திய அரசு நிறுவனம் 2008 டிசம்பரிலிருந்து ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுத்து வெளியிட்டு வருகிறது. அதைப் பார்ப்பது தவறில்லை. ஒன்றுமே தெரியாமல் போய்ச் சேர்வதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அந்த நட்சத்திரம் பல எண்களைப் பிசைந்து செய்தது. அவற்றில் சிலவற்றை இல்லமே எழுதிக் கொடுக்கிறது. சிலவற்றை இல்லத்துக்கு வெளியே உள்ளவர்கள் எழுதுகிறார்கள். பராமரிப்பின் தரத்தை எடைபோட விரும்புகிறவர் இரண்டாவது வகையைத் தனியே பிரித்தெடுத்துப் படிக்க வேண்டும் என்பது என் வாதம். எந்த எண்ணைக் கண்டாலும் முதலில் கேட்க வேண்டியது, இதை எழுதியவர் யார், இதனால் அவருக்கு லாபமா நஷ்டமா என்பதுதான்.

நட்சத்திரத்துக்கு மூன்று ஊற்றுகள். முதலாவது, மாநில அரசின் ஆய்வாளர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நடத்தும் சோதனை. எந்த இல்லத்திலும் இரண்டு சோதனைகளுக்கு இடையே 15 மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. இரண்டாவது, எத்தனை நர்ஸ்கள், எத்தனை உதவியாளர்கள், எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்ற கணக்கு. மூன்றாவது, படுக்கைப் புண் எத்தனை பேருக்கு, விழுந்து பலத்த அடிபட்டவர் எத்தனை பேர், எடை குறைந்தவர் எத்தனை பேர் என்பது போன்ற தர அளவீடுகள். சோதனையின் முடிவுதான் அடித்தளம். மற்ற இரண்டும் அதில் ஒரு நட்சத்திரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். சோதனைக்குத் தரும் நட்சத்திரமும் மாநிலத்துக்குள் ஒப்பிட்டுத் தருவதே. முதல் 10 சதவீத இல்லங்களுக்கு ஐந்து, கடைசி 20 சதவீதத்துக்கு ஒன்று, இடைப்பட்டவற்றுக்கு இரண்டு முதல் நான்கு. ஒரு மாநிலத்தில் எல்லா இல்லங்களும் சேர்ந்து மோசமானாலும் பத்தில் ஒன்றுக்கு ஐந்து நட்சத்திரம் கிடைத்தே தீரும். ஆகவே ஒரு மாநிலத்தின் நான்கையும் இன்னொரு மாநிலத்தின் நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை.

மூன்றாவது ஊற்றில்தான் சிக்கல் அதிகம். தர அளவீடுகளில் பெரும்பகுதி, ஒவ்வொரு முதியவருக்கும் இல்லத்தின் நர்ஸே அவ்வப்போது நிரப்பி அனுப்பும் படிவத்திலிருந்து வருகிறது. இல்லத்துக்குக் கிடைக்கும் பணத்தைத் தீர்மானிப்பதிலும் அந்தப் படிவத்துக்குப் பங்கு உண்டு. தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்ளும் மாணவனின் நிலை இது. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. விழுந்து பலத்த காயம்பட்டு மருத்துவமனைக்குப் போனவர்களின் மெடிக்கேர் பில்களை ஒரு பக்கமும், அதே ஆட்களுக்கு இல்லங்கள் நிரப்பிய படிவங்களை மறுபக்கமும் வைத்துப் பார்த்தார்கள். மருத்துவமனை பில்லில் இருந்த சம்பவங்களில் 57.5 சதவீதம் மட்டுமே இல்லத்தின் படிவத்தில் ஏறியிருந்தன. எலும்பு முறிந்து ஆம்புலன்சில் போன மனிதர்களைப் பற்றிய கணக்கு இது. சின்னச் சின்னச் சிராய்ப்பு அல்ல. மீதிப் பேர் விழவே இல்லை என்று எடுத்துக்கொண்டுதான் நட்சத்திரம் கணக்கிடப்பட்டது.

மாத்திரைக் கதை இதைவிட வேதனையானது. டிமென்ஷியா உள்ள முதியவர்கள் இரவில் கத்துவார்கள், எழுந்து நடப்பார்கள், குளிக்க மறுப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசிச் சமாளிக்க ஆள் இல்லாத இடத்தில், மனநோய்க்கான வீரியமான மாத்திரையைக் கொடுத்து அடக்கிவிடுவது சுலபம். இந்த மாத்திரைகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களின் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே கடும் எச்சரிக்கை வெளியிட்டது. எனவே இம்மாத்திரை எத்தனை பேருக்குத் தரப்படுகிறது என்பதும் தர அளவீடுகளில் ஒன்றாயிற்று. ஆனால் மனச்சிதைவு போன்ற சில நோய்கள் உள்ளவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். 2021-ல் நியூயார்க் டைம்ஸ் ஆராய்ந்து எழுதியபோது, இல்லங்களில் இருப்பவர்களில் ஒன்பதில் ஒருவருக்கு மனச்சிதைவு என்று பதிவாகியிருந்தது. பொதுமக்களிடையே அந்த நோய் ஏறக்குறைய 150 பேரில் ஒருவருக்குத்தான். இளமையிலோ நடுவயதுக்குள்ளோ தலைகாட்டும் நோய், எண்பது வயதில் பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்த பிறகு திடீரென்று இத்தனை பேருக்கு வர மருத்துவத்தில் காரணம் கிடையாது. அரசும் 2023-ல் இந்தப் பதிவுகளைத் தணிக்கை செய்யத் தொடங்கி, பொய்ப் பதிவு பிடிபட்ட இல்லங்களின் தர அளவீட்டு நட்சத்திரத்தை ஒன்றாகக் குறைத்தது.

இப்போது இரண்டாவது ஊற்றுக்கு வருவோம். என் வாதத்துக்கு வலுவான சான்று இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் ஒரே விஷயத்தை இரண்டு பேர் எழுதினால் என்ன ஆகும் என்பது இங்கே நேரடியாகத் தெரிந்தது. 2018 வரை பணியாளர் எண்ணிக்கையை இல்லங்களே படிவத்தில் எழுதித் தந்தன. அதுவும் ஆய்வாளர் வந்த சமயத்தை ஒட்டிய இரண்டு வாரத்துக்கான கணக்கு. 2018-லிருந்து அன்றாடச் சம்பளப் பதிவேட்டிலிருந்து கணக்கெடுக்கும் முறை வந்தது. யாருக்கு எத்தனை மணி நேரத்துக்குச் சம்பளம் போனதோ அதுதான் எண், தணிக்கைக்கும் உட்பட்டது. கைசர் ஹெல்த் நியூஸ் என்ற செய்தி நிறுவனம் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிட்டது. பத்தில் ஏழு இல்லங்களில் பணியாளர் அளவு முன்பு சொன்னதைவிடக் குறைவாக இருந்தது. சராசரி வீழ்ச்சி 12 சதவீதம். சனி, ஞாயிறுகளில் சரிவு இன்னும் ஆழம். பட்டம் பெற்ற நர்ஸ் ஒருவரும் இல்லாமல் பல நாட்கள் ஓட்டிய காரணத்தாலோ, கணக்கைச் சரியாகக் காட்டாததாலோ அந்த ஆண்டு கோடையில் மட்டும் ஏறக்குறைய 1,400 இல்லங்களின் பணியாளர் மதிப்பீடு ஒரு நட்சத்திரத்துக்கு இறங்கியது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2019-ல் அதே சம்பளப் பதிவுகளை வைத்து, ஆய்வாளர் வரும் நாட்களை ஒட்டிப் பணியாளர் எண்ணிக்கை ஏறி, அவர் போனதும் இறங்குவதையும் காட்டினார்கள். இல்லங்கள் மாறவில்லை. எண்ணை எழுதும் கை மாறியது.

பணி நேரத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று கேட்கலாம். ஓர் இரவுப் பணியை மனதில் ஓட்டிப் பார்த்தால் விளங்கும். ஓர் உதவியாளர், எட்டு மணி நேரம், அவர் பொறுப்பில் 15 முதியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இடைவேளை போகச் சுமார் 450 நிமிடம். பதினைந்தில் எட்டுப் பேர் தாமாகப் புரண்டு படுக்க முடியாதவர்கள். பிட்டத்திலும் குதிகாலிலும் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி ரத்த ஓட்டம் நின்றுவிடாமலிருக்க, அவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது வழக்கம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் என்றால் நான்கு தடவைக்கு 20 நிமிடம். டயபர் மாற்றி, துடைத்து, விரிப்பைச் சரிசெய்ய இரவில் இரண்டு முறை, மொத்தம் 25 நிமிடம். ஓர் ஆளுக்கு 45 நிமிடம். எட்டுப் பேருக்கு 360. மிச்சமிருக்கும் 90 நிமிடத்தில்தான் மற்ற ஏழு பேர், அழைப்பு மணிகள், தண்ணீர், கழிவறைக்குக் கைத்தாங்கல், பதிவேடு எல்லாம். எடை கூடியவரைப் புரட்ட இரண்டாவது ஆள் வேண்டும் என்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. பதினைந்து என்பது இருபது ஆகி, புரள முடியாதவர் பத்துப் பேர் என்றால் 450 நிமிடமும் அவர்களுக்கே தீர்ந்துவிடும். அப்போது அந்த உதவியாளர் எத்தனை தங்கமானவராக இருந்தாலும் யாரோ ஒருவர் புரட்டப்படாமல் கிடப்பார். மணியடித்தும் யாரும் வராமல் தானே எழுந்து கழிவறைக்குப் போன இன்னொருவர் விழுவார். படுக்கைப் புண்ணும் இடுப்பெலும்பு முறிவும் இப்படித்தான் உண்டாகின்றன. 2001-ல் அரசுக்காக நடந்த பெரிய ஆய்வு, நீண்டகாலம் தங்குகிறவருக்கு நாளொன்றுக்கு எல்லா நர்ஸ், உதவியாளர் நேரமும் சேர்த்து 4.1 மணி நேரத்துக்குக் கீழே போனால் இத்தகைய கேடுகள் கூடும் என்று கண்டது. சம்பளப் பதிவு தரும் எண்ணை இந்த 4.1-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வார இறுதிக்கான எண் தனியாகவே கிடைக்கிறது, அதையும் பாருங்கள்.

2022-லிருந்து இன்னொரு எண்ணும் சேர்ந்திருக்கிறது: ஓராண்டில் எத்தனை சதவீதப் பணியாளர்கள் வேலையை விட்டுப் போனார்கள் என்பது. என் பார்வையில் மொத்தப் பட்டியலிலும் அதிகம் பேசுவது இந்த எண்தான். 2017, 2018 சம்பளப் பதிவுகளை வைத்து நடந்த ஆய்வில், நடுத்தரமான ஓர் இல்லத்திலேயே நர்சிங் பணியாளர் வெளியேற்றம் ஆண்டுக்கு 94 சதவீதம் என்று வந்தது. ஒரு முதியவருக்கு எந்தக் கை பலவீனம், தண்ணீர் புரையேறாமல் எப்படிக் கொடுக்க வேண்டும், எந்த முகபாவம் வலியைக் காட்டுகிறது என்பதெல்லாம் தினமும் பார்க்கிற ஒருவருக்குத்தான் தெரியும். அவர் மூன்று மாதத்தில் போய்விட்டால் அந்த அறிவும் அவரோடு போய்விடும். புதிதாய் வருகிறவர் மறுபடி முதலிலிருந்து கற்க வேண்டும். அதுவரை அந்த முதியவர் பொறுத்திருக்க வேண்டும்.

ஆய்வாளரின் அறிக்கையும் வெளியாள் எழுதுவதுதான். குடும்பங்கள் நட்சத்திரத்தோடு நின்றுவிடுகின்றன, அறிக்கையைத் திறப்பதில்லை. ஒவ்வொரு குறைக்கும் அதில் ஏ முதல் எல் வரை ஓர் எழுத்து இருக்கும். ஜி என்றால் ஒருவருக்கு நிஜமாகவே தீங்கு நேர்ந்துவிட்டது; ஜே, கே, எல் என்றால் உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து. டி, இ போன்றவை பெரும்பாலான இல்லங்களில் தென்படும். அவற்றைக் கண்டு பதற வேண்டாம். எழுத்துக்குக் கீழே ஆய்வாளர் கண்டதை வரிசையாக எழுதியிருப்பார். முதியவர்களுக்குப் பெயர் இருக்காது, எண்தான். எந்தத் தேதியில் தோல் சிவந்திருந்தது, மருத்துவருக்கு எப்போது சொன்னார்கள், புண் எப்போது ஆழமானது, கேட்டதற்கு நர்ஸ் என்ன பதில் சொன்னார் என்று நேரம் குறித்திருப்பார். அடுத்தடுத்த இரண்டு சோதனைகளில் அதே குறை மீண்டும் வந்திருந்தால், திருத்திவிட்டோம் என்று முதல் முறை எழுதிக் கொடுத்தது காகிதத்தோடு நின்றுவிட்டது என்று பொருள். ஒரு கெட்ட நாள் எந்த இல்லத்துக்கும் வரும். இரண்டு வருடம் கழித்தும் அதே குறை என்றால் அது நிர்வாகத்தின் குணம்.

நடைப்பயிற்சிக்காகச் சில வாரம் போகிறவருக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 2019 அக்டோபர் வரை, தெரபி எத்தனை நிமிடம் கொடுக்கப்பட்டது என்பதை வைத்தே மெடிக்கேர் பணம் கொடுத்தது. வாரத்துக்கு 720 நிமிடத்தைத் தொட்டால் உச்சக் கட்டணம். அந்த உச்சப் பிரிவில் கணக்குக் காட்டப்பட்டவற்றில் பாதிக்கும் மேல் 720-க்கும் 730-க்கும் இடையே வந்து நின்றதை அரசின் தரவே வெளிப்படுத்தியது. நோயாளியின் கால் தீர்மானிக்க வேண்டியதைக் கட்டண அட்டவணை தீர்மானித்தது. அதன் பிறகு முறையை மாற்றி, நோயாளியின் நிலைமையை வைத்துப் பணம் தரத் தொடங்கியதும் தெரபி நிமிடங்கள் நாடு முழுக்க இறங்கின. ஆகவே எத்தனை நிமிடம் என்று கேட்பது போதாது. இங்கிருந்து மீண்டும் மருத்துவமனைக்குத் திரும்பியவர் எத்தனை சதவீதம், நலமாக வீடு போய்ச் சேர்ந்தவர் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். இந்த இரண்டு எண்களும் பில்களிலிருந்து கணக்கிடப்படுகின்றன; இல்லத்தின் படிவத்திலிருந்து அல்ல.

இதற்கு மறுப்புகள் உண்டு, நியாயமானவையும் உண்டு. மிகவும் நலிந்தவர்களை ஏற்றுக்கொள்ளும் நல்ல இல்லம் எண்களில் மோசமாகத் தெரியாதா என்பார்கள். தெரியக்கூடும். அதனால்தான் நோயின் கடுமையைக் கணக்கில் கொண்டு எண்கள் சரிசெய்யப்படுகின்றன. சரிசெய்தது முழுமையானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நலிந்தவர்கள் அதிகம் என்பது பணியாளரைக் குறைப்பதற்கு ஒருபோதும் காரணமாகாது, கூட்டுவதற்கே காரணம். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்ட் தரும் தொகை குறைவு, அதை நம்பியே நடக்கும் இல்லங்களுக்கு ஆள் போட வசதியில்லை, நட்சத்திரம் வறுமையைத்தான் தண்டிக்கிறது என்பது இன்னொரு மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. மெடிகெய்டை நம்பி இருப்பவர்கள் நிறைந்த இல்லங்களில் தரம் தாழ்ந்திருப்பதை ஆய்வுகள் பல ஆண்டுகளாகவே சொல்லி வருகின்றன. அந்தக் குற்றத்தை அரசின் வாசலில் வைக்க வேண்டும். ஆனால் இன்று மாலைக்குள் தாயை எங்கே சேர்ப்பது என்று தவிக்கும் மகளுக்கு அது பதிலாகாது. அங்கே ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அரசு தன் கடமையைச் செய்ததா என்றால், 2024-ல் நாளொன்றுக்கு 3.48 மணி நேரம் என்று ஒரு குறைந்தபட்ச அளவை அறிவித்தது. 4.1-க்குக் கீழான அந்த அளவும் நடைமுறைக்கு வரவில்லை. 2025-ல் டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று அதை ரத்து செய்தது. அதே ஆண்டு நாடாளுமன்றமும் அதன் அமலாக்கத்தை 2034 வரை நிறுத்திவைத்தது.

அன்பை எண்ணால் அளக்க முடியுமா என்ற மறுப்புதான் மனதைத் தொடுவது. முடியாது. சாப்பாட்டை அவசரமாக வாயில் திணிக்கிறாரா, விழுங்கும் வரை காத்திருக்கிறாரா என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. அங்கே இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் அவர்களிடம் கேட்டு எழுதிய மதிப்பெண் எதுவும் இந்த நட்சத்திரத்தில் கிடையாது என்பதை இம்முறையின் பெரிய ஓட்டையாகவே கருதுகிறேன். ஒவ்வோர் இல்லத்திலும் குடியிருப்போர் சங்கம் கூடிப் பேச அமெரிக்கச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. அதில் இருக்கும் ஒருவரிடம் பத்து நிமிடம் பேசினால் கிடைப்பது வேறெங்கும் கிடைக்காது. அப்போதும் ஒன்றை மறக்கக் கூடாது. விழுங்கும் வரை காத்திருக்க மனம் வேண்டும், நேரமும் வேண்டும். இருபது பேருக்கு ஒருவர் என்று விட்டுவிட்டு அவரிடம் கனிவை எதிர்பார்ப்பது அவருக்கும் அநீதி, படுத்திருப்பவருக்கும் அநீதி.

தமிழ்நாட்டிலும் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய பராமரிப்புக்கும் முதியோர் பராமரிப்புக்கும் சென்னையிலும் கோவையிலும் இல்லங்கள் பெருகி வருகின்றன. ஒவ்வோர் இல்லத்தின் பணி நேரத்தையும் சம்பளப் பதிவிலிருந்து எடுத்து மக்கள் பார்வைக்கு வைக்கும் ஏற்பாடு இங்கே இல்லை. அதைக் கேட்டுப் பெற வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. அது வரும்வரை நாமே வெளியாளாக இருந்து எழுத வேண்டும். அமெரிக்க இல்லங்களில் அன்றைக்கு எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள், ஒவ்வொரு ஷிப்டிலும் எத்தனை நர்ஸ், எத்தனை உதவியாளர் என்று எழுதி, வருகிறவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே பெற்றோரைச் சேர்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை, சொல்லாமல் போய் அந்தத் தாளைப் படியுங்கள். பிறகு தாழ்வாரத்தில் நடந்து, தாளில் உள்ள ஆட்கள் கண்ணில் படுகிறார்களா என்று எண்ணுங்கள். இங்கே சேர்க்கப் போகிறவர்கள் ராத்திரி ஷிப்டில் எத்தனை பேர், போன வருடம் இருந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள் என்று கேட்டு, பணி அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கும் இடத்தில் அம்மாவையோ அப்பாவையோ விட்டுவிட்டு வராதீர்கள்.